மரக்காலுக்குள் பேசிய தலையக்கா

என் மூத்த பேத்தி கிராம நிர்வாக அலுவலர். மூன்று முறை தேர்வு எழுதி மூன்றாவதில் தேறினாள். இன்றைக்கு ஓர் ஊரே அவள் கையெழுத்துக்கு வரிசையில் நிற்கிறது. அவளுக்கு அடுத்தவன் சிங்கப்பூரில் பெரிய கிரேன் ஓட்டுகிறான். அதற்கென்று வைத்த பரீட்சையில் அவனோடு எழுதியவர்களை எல்லாம் விட அவனுக்குத்தான் அதிக மார்க். மூன்றாமவள் கால்நடை மருத்துவம் இரண்டாம் ஆண்டு. லீவுக்கு வந்தவள் எங்கள் செவலைப் பசுவுக்கு ஊசி போட்டாள், பசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்காமவன் மாவட்ட அளவில் நீளம் தாண்டுதலில் இரண்டாம் இடம். முதலிடம் வந்த பையனுக்குக் கால் நீளம், அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? கடைக்குட்டி வர்ஷினி பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. அவள் படிப்பது ஐந்தாம் வகுப்பு. நான் படித்ததும் அதுவரைக்கும்தான். வருகிற ஜூனில் அவள் என்னைத் தாண்டிவிடுவாள்.

இந்த ஐந்தையும் நான் வரிசை மாறாமல் யாரிடமும் சொல்லுவேன். அன்றைக்கு இலுப்பூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில், முன்னால் நின்ற பெண்ணிடம் நீளம் தாண்டுதல் வரைக்கும் வந்திருந்தேன். போன் அடித்தது. வர்ஷினி.

"அப்பத்தா, தலையக்கா செத்துப்போச்சு."

"அது மொதல்லயே செத்ததுதானடி? பேய்தானே அது?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லப்பத்தா. நம்ம சகாயம் அத்தை" என்றாள்.

நான் சிரித்தேன் பாருங்கள், அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. கோபத்தோடு எழுதுகிறேன். எங்கள் தெரு மகளிர் குழு மலரில் சகாயத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் நோட்டில் எழுதினேன், வர்ஷினியின் அம்மா டைப் அடித்தாள். அடிக்கும்போது சில வார்த்தைகளை அச்சில் போட முடியாது என்று எடுத்துவிட்டாள். மிச்சம் இருப்பதை நீங்கள் படிக்கிறீர்கள்.

சகாயமேரி ஆவூரில் பிறந்து, எங்கள் தெரு அருள்சாமிக்கு வாக்கப்பட்டு வந்தவள். அருள்சாமி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் ஜெனி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். காலையில் துணி காயப்போட்டுக்கொண்டே இருந்தவள் கொடிக்குக் கீழே உட்கார்ந்தாளாம், அப்படியே போய்விட்டாள். நாற்பத்தெட்டு வயது. உங்களில் பலருக்கு அவளைக் காயில் கடைக்காரர் சம்சாரம் என்று தெரியும், கோயில் பாட்டுக் குழுவில் நிற்பவள் என்று தெரியும். இன்னொன்றும் அவள்தான். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்களே 'கிறீச்சு வீடு' என்கிற கார்ட்டூன், அதில் தலையக்கா என்னும் பேய் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் சகாயம் பேசியது. பேசிய இடம் என் வீட்டு நெல் அறை.

கார்ட்டூன் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பாழடைந்த வீடு, கதவைத் தொட்டால் கிறீச் என்று கத்தும். உள்ளே ஏழு பேய்கள். வாரம் ஒரு குடும்பம் வாடகைக்கு வரும். பேய்கள் அவர்களைப் பயமுறுத்தப் போய்த் தாங்களே பயந்து ஓடிவரும். ஏழு பேய்க்கும் மூத்தது தலையக்கா. அதற்குக் கழுத்தில் தலை நிற்காது. தலையைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு திரியும், எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துபோகும். உடம்பு ஒரு பக்கம் தேடும், தலை பிரிஜ்ஜுக்குள் இருந்து திட்டும். படம் ஏதோ வெளிநாட்டில் செய்தது. தமிழ்ப் பேச்சு மட்டும் இங்கே சேர்ப்பார்கள்.

இது அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்றால், அதற்கு முன்பு அவள் ஆட்டோவில் போடும் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணிக்கடைத் திறப்பு விழா, பல் ஆஸ்பத்திரி, காணாமல் போன ஆடு. புதுக்கோட்டையில் அதைப் பதிவு செய்கிற ஆள் மெட்ராசில் ஒரு கம்பெனிக்கு அவள் பெயரைச் சொல்லியிருக்கிறார். கொரோனா சமயம், யாரும் எங்கும் போக முடியாது, வீட்டிலிருந்தே பேசி அனுப்புங்கள் என்று மைக்கும் மடிக் கணினியும் வந்தன. வீட்டில் எங்கே பேசுவது? பக்கத்திலேயே புருசன் கடையில் மோட்டார் ஓடும். எதிரே வெல்டிங் பட்டறை.

அந்தச் சமயம்தான் கோழிக்குப் போடக் கொஞ்சம் நெல் கேட்டு வந்தாள். நெல் அறைக்குள் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"ஆத்தா, கேட்டீங்களா?"

"என்னத்தடி?"

"ஒன்னும் கேக்கலல்ல? அதத்தான் கேட்டேன். தட்டுன சத்தம் திரும்பி வரவே இல்ல. மூட்டையெல்லாம் குடிச்சிருச்சு."

"நெல்லு மூட்டை சத்தத்தக் குடிக்குமாக்கும்."

"மெட்ராசுல இதுக்குன்னே பஞ்சு ஒட்டி ரூம்பு கட்டுறாங்க ஆத்தா. நீங்க சும்மா வச்சிருக்கீங்க."

அன்றிலிருந்து மதியம் ஒரு மணிக்கு வருவாள், மூன்று மணிக்குப் போவாள். மூட்டைகளை மூன்று பக்கமும் அடுக்கி நடுவில் முக்காலி போட்டுக் கொடுத்தேன். மின்விசிறி போடக் கூடாது, காற்றுச் சத்தம் பதிந்துவிடும். வெளியே வரும்போது முக்குளித்து எழுந்தவள் மாதிரி நனைந்திருப்பாள், கழுத்தெல்லாம் நெல் சுணை அரித்துச் சிவந்திருக்கும். நான் வாசலில் குச்சியோடு உட்கார்ந்திருப்பேன். கோழி கொக்கரிக்கக் கூடாது, ஐஸ் வண்டிக்காரன் மணி அடிக்கக் கூடாது, என் மகன் பைக்கை வாசல் வரைக்கும் ஓட்டிவரக் கூடாது. வீட்டுக்கு வந்த சம்பந்திகளையே வாயில் விரல் வைத்து நிறுத்தியிருக்கிறேன். ஒரு வருசம் நெல்லை எல்லாம் விலைக்கு ஏற்றிவிடலாம் என்றான் மகன். மூட்டை போனால் எதிரொலி வந்துவிடும் என்று சகாயம் சொல்லியிருந்தாள். விதைக்கு வேண்டும் என்று பொய் சொல்லிப் பதினொரு மூட்டையை நிறுத்திக்கொண்டேன். அந்த வருசம் தலையக்கா பேசியது முழுக்க என் பொய்க்குள் உட்கார்ந்துதான்.

மெட்ராசிலிருந்து எழுதி வரும் பேச்சு அவளுக்குப் பிடிக்காது. 'அட முட்டாள்களே, எனது தலை எங்கே?' என்று இருக்கும். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள்.

"ஆத்தா, தலையக் காணாமத் தேடுறவ இப்புடியா கேப்பா?"

"நான் மூக்குக் கண்ணாடியத் தேடுறப்ப எப்புடிக் கேப்பேன்?"

"அதச் சொல்லுங்க, அதச் சொல்லுங்க."

"எடுத்தவ கண்ணு ரெண்டும் முழி பிதுங்க! எங்கிட்டுடி கொண்டுபோயி வச்சீங்க? யாரு கையி சும்மா இருக்க மாட்டாம அரிச்சது?"

அதை அப்படியே உள்ளே போய்ப் பேசினாள். கண்ணாடி இருந்த இடத்தில் தலை. கம்பெனிக்காரர்கள் முதலில் வேண்டாம் என்றார்களாம், பிறகு இதுதான் வேண்டும் என்றார்களாம். இன்றைக்குக் கன்னியாகுமரிப் பிள்ளையும் திருத்தணிப் பிள்ளையும் 'யாரு கையி அரிச்சது' என்று கேட்கிறதென்றால், அது இந்தக் காளியம்மாள் வாயிலிருந்து போனது. என் பேரப் பிள்ளைகளின் ஐந்து சாதனையோடு இதையும் சேர்த்துச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? சகாயத்துக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தலை உடம்பில் இருக்கும்போது ஒரு குரல், கூடைக்குள் கிடக்கும்போது ஒரு குரல். கூடைக் குரலுக்கு அண்டாவில் பேசிப் பார்த்தாள், செம்பில் பேசிப் பார்த்தாள். கடைசியில் என் மாமியார் காலத்து மரக்கால், நெல் அளக்கிற இரும்பு மரக்கால், அதற்குள் முகத்தை வைத்துப் பேசினாள். சரியாக வந்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று மணிக்கு அவள் கிளம்பிய பிறகுதான் எனக்கு நெல் அளக்க மரக்கால் கிடைக்கும்.

எதையும் கத்திச் சொல்ல மாட்டாள். ஒரு நாள் கேட்டேன், பேய் என்றால் கத்த வேண்டாமா என்று. "கத்துனா கோவம்னு தெரிஞ்சிரும் ஆத்தா. பேயி மெதுவா, காதுக்குப் பக்கத்துல வந்து, 'சாப்டியா'ன்னு கேக்கணும். அப்பத்தான் பிள்ளைக்கு வயித்தக் கலக்கும். அடுத்த வினாடி சிரிக்க வச்சிரணும். சிரிச்சாப் பயம் பாதி எறங்கும். முழுசா எறங்கவும் விடக் கூடாது, அப்பறம் பேயிக்கு என்ன பொழப்பு?" என்றாள். வர்ஷினி பேச்சுப் போட்டி மேடையில் ஏறி நின்று, முதல் வரியை எல்லாரையும் போல முழங்காமல் ரகசியம் மாதிரிச் சொன்னாளே, நடுவர் மூன்று பேரும் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்களே, அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு மட்டும் என்று சொல்வதும் தப்பு. தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். அவர்களுக்கு அது தெரிந்தது நார்த்தாமலையில். தெருவோடு வேன் பிடித்துப் போயிருந்தோம். பெரியவர்கள் கீழேயே மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்துவிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சகாயம் பாறை மேல் ஏறினாள். மூட்டு வலியோடு நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வர்ஷினி அப்போது முதல் வகுப்பு. வழுக்குப் பாறையைப் பார்த்து ஏற மாட்டேன் என்று அழுதாள். ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம். அப்போது பெரிய பாறைக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"யாருடி அது... எம் பாறையில ஏறாம நிக்கிறது? ஒரு தலை உருண்டு வந்துச்சே, பாத்தியா?"

பிள்ளைகள் கல்லாக நின்றுவிட்டார்கள். வர்ஷினி அழுகையை மறந்து நாலு காலில் அந்தப் பாறையைத் தாண்டி ஓடினாள், பேயைப் பார்க்க. அங்கே சகாயம் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினாள். பன்னிரண்டு பிள்ளைகள், நாலு வருசம், ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் பன்னிரண்டு பேரிடம் சொல்லியிருந்தால் வேன் இலுப்பூர் வருவதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

ஏன் மறைத்தாள் என்று கேட்பீர்கள். அவள் மறைக்கவில்லை, மறைக்க வைத்தார்கள். அருள்சாமியின் அக்காள் ஞானப்பூ. "பேயிக்குக் குரல் குடுக்குறவ வீட்டுல யாரு பொண்ணெடுப்பா? ஜெனிக்கு ஒரு எடம் அமையட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாத" என்று சொல்லிவிட்டாள். சகாயம் என் வீட்டுக்குத் தையல் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று தெருவில் பரப்பியதும் அவள்தான். நாலு வருசம் தையல் கற்றும் ஒரு ஜாக்கெட் தைக்கத் தெரியவில்லை என்று சகாயத்தைக் கேலி செய்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அவள் சிரித்துக்கொள்வாள். என்னிடம் வந்து மட்டும் சொன்னாள்: "தலையில்லாதவளுக்கே வாய் இருக்கு ஆத்தா. எனக்குத்தான் தலை இருந்தும் தெருவுக்குள்ள வாய் இல்ல."

கார்ட்டூன் முடிந்ததும் பெயர்கள் கடகடவென்று மேலே ஓடும். வர்ஷினி திரையில் மூக்கு இடிக்க நின்று தேடுவாள். எல்லாம் வெளிநாட்டுப் பெயர். சகாயம் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. ஒரு தடவை கம்பெனியைக் கேட்டதற்கு, போடுகிற வழக்கம் இல்லை என்றார்களாம். குழந்தைகள் படத்துக்கு யார் குரல் கொடுத்தால் என்ன என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அந்தக் குரல் இல்லை என்றால் திரையில் ஒரு கூடை, அதற்குள் ஓர் உருண்டை, வேறென்ன?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சகாயம். சுற்றிலும் செபமாலை நடந்தது. வாசலில் நாற்காலி, நிறைய ஆட்கள். ஜெனி கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். புழுக்கம் தாங்காமல் ஒரு தாத்தா, மின்விசிறி சுவிட்ச் என்று நினைத்து எல்லாவற்றையும் அழுத்தினார். உள் அறையில் தொலைக்காட்சிக்கு உயிர் வந்தது. ஐந்து மணி. அவள் கடைசியாகப் பார்த்த சேனல்தான் அதில் நின்றது.

"யாருடி அது... எனக்குத் தெரியாம எம் வாசல்ல இத்தனை செருப்பு? வீட்டுல என்ன விசேசம்?"

அது படத்தில் வாடகைக்கு வந்தவர்களைப் பார்த்துத் தலையக்கா கேட்டது. ஆனால் குரல் சகாயம் குரல். செபம் பாதியில் நின்றது. பிறகு எடுத்தார்கள் பாருங்கள் ஓட்டம்! தாத்தா நாற்காலியோடு விழுந்தார். எல்லாம் தெரிந்த ஞானப்பூவே செபமாலையைப் போட்டுவிட்டு அடுப்படி வழியாகக் கொல்லைக்குப் போனவள், வேலியைத் தாண்டி அடுத்த வீட்டு மாட்டுத் தொழுவத்தில் நின்றாள். நீளம் தாண்டுவதில் என் பேரனுக்கு இரண்டாம் இடம் கிடைத்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அன்றைக்கு ஞானப்பூ தாண்டியதைப் பார்த்திருந்தால் நடுவர்கள் அவனுக்கு மூன்றாம் இடம்தான் கொடுத்திருப்பார்கள்.

கூடத்தில் மிஞ்சியது நானும் அருள்சாமியும். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பெரியவர்கள் ஓடிவந்த வழியிலேயே உள்ளே வந்தார்கள். பன்னிரண்டு பேரும் பெட்டியைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். திரை தெரியாது, சத்தம் மட்டும் வரும். வர்ஷினி பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, "இப்ப கூடையத் தேடும் பாருங்க" என்றாள். தேடியது. "யாரு கையி அரிச்சது?" என்று தலையக்கா கேட்டதும் ஒரு பிள்ளை சிரித்தது, எல்லாம் சிரித்தன, சிரித்துக்கொண்டே அழுதன. அவளுக்கு நடந்த மரியாதை அதுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்த கையோடு ஞானப்பூ தெருவைக் கூட்டினாள். "பேயாப் பேசிப் பேசித்தான் அவளப் பேயி கொண்டுபோச்சு" என்றாள். கேபிள்காரரிடம் சொல்லி அந்தச் சேனலை எடுக்க வேண்டும், செத்தவள் குரல் இனி இந்தத் தெருவில் கேட்கக் கூடாது என்றாள். தொழுவம் வரைக்கும் ஓடிய வெட்கத்தை மறைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தலையை ஆட்டியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுதியிருந்தேன், டைப் அடித்தவள் எடுத்துவிட்டாள்.

இதைவிடப் பெரிய விசயம் என் நெல் அறையில் கிடந்தது. கடைசியாக அவள் பேசி வைத்த நான்கு பாகம் இன்னும் மெட்ராசுக்குப் போகவில்லை, கணினியிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஒருவரை வைத்துப் பேசிக்கொள்வோம் என்று கம்பெனியிலிருந்து அருள்சாமிக்குப் போன் வந்திருக்கிறது. வேறு ஒருத்தி பேசினால் அந்த நான்கோடு சகாயம் அழிந்துபோவாள். வியாழக்கிழமை மதியம், அவள் வழக்கமாக வருகிற ஒரு மணிக்கு, ஞானப்பூ தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பொட்டிய எடுத்துக் குடுங்க ஆத்தா. கொண்டுபோயி அழிச்சிட்டு வாரோம்."

நான் கணினியை மூட்டைக்கு நடுவில் வைத்து, முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். "எந்திரிக்க மாட்டேன்" என்றேன்.

"ஒங்க வீட்டுப் பொருளா அது?"

"அவ ஒங்க வீட்டுப் பொருளா? உசுரோட இருக்கயில தையலு தைக்கிறான்னு சொன்ன. செத்தப்பறம் பேயிங்கிற. அவ பேசுனான்னு ஒரு தடவையாவது சொன்னியாடி?"

"செத்தவ குரலு அலையக் கூடாது ஆத்தா, பாவம்."

"கோயில்ல நீ போடுறியே பாட்டு, அதுல பாடுறவுக எல்லாரும் உசுரோடவா இருக்காக? அந்தக் குரலு அலைஞ்சா பக்தி, இவ குரலு அலைஞ்சா பாவமா?"

ஞானப்பூ தம்பியைப் பார்த்தாள். அருள்சாமி இதுவரைக்கும் நெல் அறைக்குள் வந்ததே இல்லை. மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இங்கயா உக்காருவா?" என்றார். "இந்த வேக்காட்டுலயா?" பிறகு மூட்டையில் சாய்ந்துகொண்டு, "என்னதான் பேசியிருக்கான்னு ஒரு தடவ கேட்டுப்புட்டு அழிச்சிருவோம்" என்றார்.

எனக்கு அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரியாது. வர்ஷினி வந்து ஏதோ தட்டினாள். முதலில் சும்மா மூச்சு விடுகிற சத்தம். பிறகு மரக்காலுக்குள் தலையக்கா, மெதுவாக: "பிள்ளையளா... இருட்டுல ஒரு கை ஒங்களத் தொட்டுச்சுன்னாப் பயப்படாதீங்க. அந்தக் கையும் தொணைக்குத்தான் தேடுது..." அவ்வளவுதான், போன் மணி அடிக்கிறது. தலையக்கா போய்ச் சகாயம் வந்துவிட்டாள். "அய்யோ, இந்த மனுசன் இத்தோட நாலாவது தடவ! ஏங்க, சாவி ஆணியில தொங்குதுங்க! தலைய நிமித்திப் பாருங்க! தலை இருக்குல்ல ஒங்களுக்கு? எனக்கு இங்க இருக்கிறதுக்கே ஒடம்பு இல்ல!" வெளியே வாசலில் நான் சிரிக்கிற சத்தமும் அதில் பதிந்திருக்கிறது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து, "பிள்ளையளா..."

அருள்சாமி மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது நெற்றியில் சாக்குத் தடம் இருந்தது.

"அனுப்பிருங்க ஆத்தா" என்றார்.

"தம்பி!" என்றாள் ஞானப்பூ.

"நீ வீட்டுக்குப் போக்கா. சாவி ஆணியில தொங்குது."

ஜெனி போனில் முகத்தைக் காட்டிச் சொல்லச் சொல்ல, வர்ஷினி தட்டித் தட்டி நான்கையும் அனுப்பிவைத்தாள். சேனலை யாரும் எடுக்கவில்லை. போன வாரம் முதல் பாகம் வந்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் என் வீட்டில்தான் பார்த்தார்கள். பெயர்கள் ஓடும்போது இந்தத் தடவையும் சகாயம் பெயர் வரவில்லை. வர்ஷினி எழுந்து நின்று, பள்ளியில் வருகைப் பதிவு வாசிக்கிற மாதிரி, "தலையக்கா, குரல் சகாயமேரி, இலுப்பூர்" என்றாள். இனி தினமும் சொல்லப்போகிறார்களாம். கம்பெனிக்காரர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வருமா என்று தெரியாது. வந்தால் பத்து வயதுப் பிள்ளைகள் செய்கிற வேலையைப் பார்த்து வெட்கப்படுங்கள்.

கடைசிக் கோபம் ஒன்று பாக்கி இருக்கிறது. கடைவீதி முக்கில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்தார்கள். கீழே கும்பிட்டுக்கொண்டு நிற்கிற பதினெட்டு ஆண்களின் படம் பெரிதாக இருக்கிறது. மேலே மூலையில் ஆதார் அட்டைக்கு எடுத்த படம், அதுதான் சகாயமாம். யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள். இல்லத்தரசி என்று போட்டிருக்கிறது. முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த அட்டையிலும் அதே படம், இந்த மலருக்குக் கொடுத்ததும் அதே படம். வாயை மூடிய சகாயத்தை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்தால், அது நீங்கள் மூட வைத்தது.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மரக்கால். யாருக்கும் தர மாட்டேன், தூக்கிப் பரணிலும் வைக்க மாட்டேன். அதில்தான் நெல் அளக்கிறேன். அளப்பதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளே முகத்தை வைத்து "யாருடி அது" என்று கேட்டுக்கொள்கிறேன். என் குரலுக்கு அது அவ்வளவு நன்றாக வரவில்லை.

ஜெனி, இது உனக்கு. போன பொங்கலுக்கு வந்தபோது, மூட்டை கூரை வரைக்கும் நின்ற சமயம், உன் அம்மாவுக்குத் தெரியாமல் கதவிடுக்கு வழியாக ஒரு படம் எடுத்தாயே. காதில் மைக்செட்காரர்கள் மாட்டுகிற வளையம், தலையெல்லாம் நெல் தூசி, வேர்வை, கையில் என் மரக்கால், கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிய அவள் வாயைத் திறந்திருப்பாள். போனில் அனுப்பினாய், பார்த்தேன். போனில் இருப்பதை ஆணியில் மாட்ட முடியாது. என் சுவரில் பேரப் பிள்ளைகள் ஐந்து பேரின் படம் வரிசையாக இருக்கிறது, ஆறாவது ஆணி அடித்துவிட்டேன். மலர்க்காரர்களிடமும் சொல்லிவிட்டேன், இந்தப் பக்கத்தில் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுப் படம் வரும்வரை அச்சை நிறுத்திவையுங்கள் என்று. பெரிதாகக் கழுவி, மடங்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு. இரண்டு பிரதி. கடைக்காரர் முகத்தைச் சரிசெய்து தருகிறேன் என்பார், ஒத்துக்கொள்ளாதே. அந்த வாய் அப்படியே வர வேண்டும்.